மதியத்தில் திகட்டும் ஆம்பர் மலர் சென்ட்: பூசும் முறையும் எடைபோடும் முறையும்

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை பரிசாகக் கொடுத்த ஒரு சென்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெட்டியின் மேல் ‘ஆம்பர் ஃப்ளோரல்’, ‘ஓ டி பர்ஃபம்’ என்று போட்டிருக்கிறது. காகிதத்தில் அடித்து முகர்ந்தபோது நேர்த்தியாக இருந்தது. ஆனால் காலையில் பூசிக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் திகட்டத் தொடங்கிவிடுகிறது. மாலையில் உங்கள் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை, பக்கத்து இருக்கைக்காரருக்கோ இன்னும் தலைவலிக்கிறது. இது தரமான சரக்குதானா, தை மாதம் கடலூரில் நடக்கவிருக்கும் திருமணத்துக்குப் பூசலாமா என்பதே உங்கள் கேள்வி.

இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் போலி என்றோ மட்டம் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. இவை இந்த வகையின் இயல்பாலும், நம் கடற்கரைப் புழுக்கத்தாலும், பூசும் அளவாலும் வருபவை. ஆம்பர் மலர் வகையின் தரத்தை, பூ ஓய்ந்து பிசின் தலையெடுக்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சந்திப்பு கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் வராது, காகிதப் பட்டையிலும் சரியாகத் தெரியாது. தோலில் பூசி, வெளிக்காற்றில் நடமாடி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே தெரியும்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகும். வாசனைத் தொழிலில் ஆம்பர் எனப்படுவது மாலையில் கோக்கும் மஞ்சள் நிறக் கல் அல்ல. திமிங்கலத்தின் குடலிலிருந்து கிடைக்கும் அம்பரும் அல்ல. அந்தத் திமிங்கல அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். சென்ட்டில் உள்ள ஆம்பர் ஒரு கூட்டு மணம். ஸ்பெயின் முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் சிஸ்டஸ் புதரின் பிசினாகிய லாப்டனம், நாம் சாம்பிராணி என்று அறிந்திருக்கும் பென்சாயின், இவற்றோடு வனிலா ஆகிய மூன்றும் அதன் அடித்தளம். பென்சாயின் சுமத்திராவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வருகிறது. லாவோஸ் சரக்கில் வனிலாச் சாயல் கூடுதல். தலைக்குக் குளித்துச் சாம்பிராணி காட்டிய கூந்தலில் மறுநாள் காலையில், புகைநாற்றம் போன பிறகு, ஓர் இளஞ்சூடான இனிப்பு மிஞ்சியிருக்குமே, ஆம்பரின் பாதி அதுதான். ஆகவே இந்த வகையை வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் கப் சாம்பிராணியை வைத்து மட்டும் இதை அளந்துவிடாதீர்கள். அதில் பல வேளைகளில் பென்சாயின் பெயருக்குத்தான் இருக்கும்.

மலர்ப் பகுதியும் நமக்கு அந்நியமானது அல்ல. உலகின் பெரிய வாசனை நிறுவனங்கள் வாங்கும் மல்லிகைச் சாறு, குண்டுமல்லியானாலும் சாதிமல்லியானாலும், கணிசமான அளவு தமிழ்நாட்டிலிருந்தே போகிறது. திண்டுக்கல், சத்தியமங்கலம் வட்டாரங்களில் மொட்டாகப் பறித்த பூவைக் கரைப்பானில் ஊறவைத்து முதலில் மெழுகு போன்ற கான்கிரீட்டும், பிறகு அதிலிருந்து அப்சொல்யூட் என்னும் செறிந்த சாறும் எடுக்கிறார்கள். சம்பங்கியும் அப்படியே. சென்ட் பெட்டிகளில் அடிக்கடி காணும் இலாங் இலாங் நம் மனோரஞ்சிதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சுப் பூவின் மணம் தெரிய வேண்டுமானால் பூத்திருக்கும் நாரத்தை மரத்தடியில் நின்றாலே ஏறக்குறைய விளங்கிவிடும்.

பூவையும் பிசினையும் ஒரே புட்டியில் சேர்க்கும் வழக்கத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1874இல் ஜெர்மனியில் வனிலின் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பிறகே ஆம்பர் கூட்டு தாராளமாகப் புழங்க முடிந்தது. பிரெஞ்சு நிறுவனங்களான கோட்டியின் லொரிகான் சென்ட் 1905இலும், கெர்லானின் லேர் ப்ளூ 1912இலும் வந்தன. ஆம்பர் என்றதும் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் கெர்லானின் ஷாலிமார் 1925இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது, அதற்குப் பெயர் நம் துணைக்கண்டத்து முகலாயத் தோட்டத்தின் பெயர். இயற்கை வனிலா இல்லை, செயற்கை வனிலின்தான் இருக்கிறது என்று தெரிந்தவுடன் முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: இந்த வகையே செயற்கைப் பொருளின் துணையோடு வளர்ந்ததுதான். ‘ஓரியண்டல்’ என்று அச்சிட்ட பழைய பெட்டி அத்தை வீட்டில் இருந்தால் அதுவும் இதே குடும்பம். வாசனை நிபுணர் மைக்கேல் எட்வர்ட்ஸின் வகைப்பாட்டில் 2021இல்தான் அந்தப் பெயருக்குப் பதிலாக ஆம்பர் என்பது வந்தது.

உங்கள் தலைவலிப் பிரச்சினைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். மேலே சொன்னது பழைய பாணி, பிசின் ஆம்பர். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் வந்த சென்ட்களில் இன்னோர் ஆம்பர் இருக்கிறது: திமிங்கல அம்பரின் மணத்தைத் தரும் அம்ப்ராக்சான் முதலிய மூலக்கூறுகள். அம்ப்ராக்சானைக் கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியாலிலிருந்து உண்டாக்கும் வழி 1950 வாக்கிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வகை இனிப்பாக மூக்கில் ஒட்டாது. உலர்ந்து, காய்ந்த மரமும் உப்பும் கலந்தாற்போல, காற்றில் வெகுதூரம் எட்டும். 2015இல் வந்து பெரும் பெயரெடுத்த பக்காரா ரூஜ் 540 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மல்லிகையும் குங்குமப்பூவும் இருந்தாலும் அறை முழுவதும் நிரப்புவது, சர்க்கரைப்பாகுச் சாயலோடு வரும் அந்தக் காய்ந்த வாசனைதான். இவ்வகை மூலக்கூறுகளைச் சிலரால் உணரவே முடியாது, வேறு சிலருக்கு அவை ஊசிபோல் குத்தும். சென்ட்களில் பரவலாகச் சேர்க்கப்படும் சில மஸ்க்குகளும், அதாவது கஸ்தூரி மணப் பொருள்களும், இப்படித்தான். உங்களுக்கு மாலையில் எதுவும் தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் தலைவலிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் எல்லோருக்கும் பொது: எந்த வாசனையாயினும் தொடர்ந்து முகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். மணம் போய்விட்டது என்று எண்ணி மதியத்தில் மறுபடியும் அடித்துக்கொள்வது இந்த வகையில் மிக மோசமான பழக்கம். ஆம்பரின் அடிமணம் காலையில் பூசியதே போகாமல் இருக்கும், அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏறும்.

இனி எடைபோடும் முறை. காலையில் குளித்து உடம்பு ஆறிய பிறகு, பவுடர் போடாமல், வாசனை எண்ணெய் தேய்க்காமல், முழங்கையின் உட்புறத்தில் ஒரே ஒரு முறை அடியுங்கள். தேய்க்காதீர்கள். முதல் பத்து, பதினைந்து நிமிடத்தில் வரும் பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்), பேரிக்காய், ஆரஞ்சு முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பனைக்காகவே பளிச்சென்று அமைக்கப்படும் பகுதி அது, மலிவான புட்டியிலும் நன்றாகவே இருக்கும். நேரு வீதிக் கடையில் டெஸ்டரை நீட்டியவுடன் ‘ஆகா’ என்று நாம் சொல்வது இந்தப் பகுதிக்குத்தான்.

அரை மணி நேரம் கழித்துப் பூவைப் பாருங்கள். நல்ல கலவையில் பூவுக்குச் சதையும் தண்டும் இருக்கும். அதாவது இனிப்போடு சற்றுப் பச்சை வாடையும், மல்லிகையாக இருந்தால் மிக மெல்லிய ஒரு மிருக வாடையும் கலந்திருக்கும். மல்லிகையில் இயல்பாகவே இருக்கும் இண்டோல் என்ற பொருள் தரும் வாடை அது. முதல் நாள் இரவு கட்டிய சரத்தை மறுநாள் முகர்ந்தால் கிடைக்குமே, அதன் மிக இலேசான நிழல். அதை முற்றிலும் துடைத்துவிட்டால் பூ ஷாம்பூவாகிவிடுகிறது. மலிவான ஆம்பர் மலர் சென்ட்டில் பெரும்பாலும் நிகழ்வது இதுதான்: கழுவித் துடைத்த பூ, அது போனவுடன் வெறும் சர்க்கரை.

ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்குள் வருவதே நான் முதலில் சொன்ன சந்திப்பு. இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடிக்கோ தெருவுக்கோ போய் வந்து முகருங்கள். கையை மூக்கில் அழுத்தாமல் ஒரு சாண் தள்ளி வைத்து முகருங்கள். பிசின் மேலெழும்போதும் பூ அதற்குள்ளேயே தங்கி, பிசினுக்குப் பூவின் ஈரமும் பூவுக்குப் பிசினின் சூடும் ஏறியிருந்தால் அது நேர்த்தியான கலவை. எந்த இடத்தில் பூ முடிந்தது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியக் கூடாது. மாறாக, ஒரு கட்டத்தில் பூ சட்டென மறைந்து பாயசத்தில் போடும் எசென்ஸ் மட்டும் எஞ்சினால், விலை எவ்வளவாக இருந்தாலும் அது அரைகுறையான வேலை. லாப்டனத்தில் இயல்பாகவே ஒரு தோல்பையின் கசப்பு உண்டு. பச்சோலி என்ற வாசனை இலையின் எண்ணெயில் மண் வாடை உண்டு. இந்தக் கசப்பும் மண்ணும் கொஞ்சமாவது இருந்தால்தான் வனிலா அடங்கி நிற்கும். 2001இல் வந்த ஷனேலின் கோகோ மத்மசேல் நம் வெயிலிலும் பலருக்குத் திகட்டாமல் இருப்பதற்குக் காரணம் அதன் அடியில் பச்சோலி உறுதியாக நிற்பதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலையில், முந்தைய நாள் அணிந்த இரவிக்கையையோ துப்பட்டாவையோ எடுத்து முகர்ந்து பாருங்கள். வனிலின் நாட்கணக்கில் தங்கும் பொருள், ஆகையால் ஏதாவது மிஞ்சியிருப்பது தரத்துக்குச் சான்று அல்ல. மிஞ்சியிருப்பது உலர்ந்து இதமாக இருக்கிறதா, வியர்வையோடு சேர்ந்து புளித்துக் கிடக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. நீண்ட நேரம் நிற்பதை மட்டும் பெருமையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு மோசமான வாசனையால் யாருக்கு என்ன பயன்?

கடையில் பார்ப்பதாயின் ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் தோலில் போடாதீர்கள். நடுவில் காப்பிக்கொட்டை டப்பாவை நீட்டுவார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் காப்பிக்கொட்டையை முகர்வது வெறும் காற்றை முகர்வதைவிடக் கூடுதலாக உதவவில்லை என்று தெரியவந்தது. வாசலுக்கு வந்து நின்றால் போதும். முடிவு செய்யாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவது அதைவிட நல்லது.

பூசுவதைப் பொறுத்தவரை நம் ஊரில் முதல் விதி குறைவாகப் பூசுவது. பிரான்சின் குளிர்காலத்தில் கனத்த கோட்டுக்கு அடியிலிருந்து மெல்ல வெளிவர வேண்டும் என்று அமைக்கப்பட்ட ஒரு வாசனை, மே மாதப் புதுச்சேரியில் நாற்பது பாகையை நெருங்கும் வெயிலிலும் ஈரக்காற்றிலும் ஒரே நேரத்தில் முழுவதும் பொங்கிவிடும். சூடு ஆவியாவதை விரைவுபடுத்துகிறது, ஈரக்காற்றில் இனிப்பு மணங்கள் மேலும் தடித்துத் தெரிகின்றன. உங்கள் காலைப் பயணத்தில் நடந்தது அதுதான். ஓ டி பர்ஃபம் என்பது பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை வாசனைச் சாறு கொண்டது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பகலுக்கு அதில் ஒரே ஒரு ஸ்ப்ரே போதும். அதையும் கழுத்திலும் காதுக்குப் பின்னும் அடிக்காமல், உடையால் மூடப்படும் இடத்தில், இடுப்பிலோ முதுகின் மேற்பகுதியிலோ, புறப்படுவதற்கு அரை மணி முன்னதாக அடியுங்கள். கழுத்தில் அடித்தால் மூக்குக்கு நேர் கீழே இருப்பதால் முதலில் திகட்டுவதும் உங்களுக்கே, விரைவில் மரத்துப்போவதும் உங்கள் மூக்கே. வெயில் நேராகப் படும் தோலில் சென்ட் பூசாமல் இருப்பது இன்னொரு வகையிலும் நல்லது: பெர்கமாட் எண்ணெயில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கருக்கக்கூடியவை. இன்றைய தயாரிப்புகளில் அவற்றை நீக்கியோ அளவுக்குள் கட்டுப்படுத்தியோதான் சேர்க்கிறார்கள், என்றாலும் கடற்கரைச் சாலையில் நடக்கப் போகும்போது கழுத்தை விட்டுவிடுங்கள்.

சந்தனப் பவுடர், வாசனைத் தேங்காயெண்ணெய், மல்லிகை வாசனைச் சோப்பு ஆகியவற்றின் மேல் இந்தச் சென்ட்டை அடித்துவிட்டுச் சென்ட் சரியில்லை என்பவர்கள் பலர். மணமில்லாத மாய்ஸ்சரைசரைப் பூசி அதன் மேல் அடித்தால் குறைந்த அளவே நெடுநேரம் நிற்கும். கூட்டமான கடலூர்ப் பேருந்திலும், ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் ஆம்பர் வேண்டவே வேண்டாம்.

திருமணத்துக்கு வருவோம். தை மாத இரவில் நம் கடற்கரையில் வெப்பம் இருபது, இருபத்திரண்டு பாகைக்கு இறங்கும். இந்த வகைக்கு ஆண்டிலேயே மிகப் பொருத்தமான காலம் அது. மாலை வரவேற்புக்கு இரண்டு ஸ்ப்ரே தாராளமாகப் பூசலாம். அதிகாலை முகூர்த்தத்துக்கு ஒன்று போதும், ஏனென்றால் மண்டபத்துக்குள் ஓமப்புகையும் சந்தனமும் பன்னீரும் முன்பே இடம்பிடித்திருக்கும். தலையில் வைக்கும் பூவைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மல்லிகை மொட்டு மாலையில் மலரத் தொடங்கி இரவில் மணத்தின் உச்சத்துக்குப் போகும். அதே நேரத்தில் உங்கள் சென்ட்டின் நடுமணமும் பூவாக இருந்தால் இரண்டும் மோதும். ஆகவே வரவேற்புக்குப் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சென்ட்டை இடுப்பில் பூசிவிட்டு, சரத்தைக் கடைசியில் வையுங்கள். நீங்கள் மண்டபம் சேரும்போது சென்ட்டின் பூ அடங்கிப் பிசின் எழுந்திருக்கும், பூவின் வேலையைத் தலையிலுள்ள மல்லி பார்த்துக்கொள்ளும். பெட்டியில் சம்பங்கி பெரிதாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் மல்லியைத் தவிர்த்துக் கனகாம்பரம் வைப்பதே அழகு. அதற்கு மணமில்லை, நிறம் பட்டோடு ஒத்துப்போகும். பட்டுப் புடவையின் மேல் நேராக அடிக்கவே கூடாது. வனிலா கலந்த திரவம் வெளிர் நிறப் பட்டில் பழுப்புக் கறை விடும், அது வண்ணானிடமும் போகாது. முத்து மாலை அணிவதாயின் சென்ட் நன்றாக உலர்ந்த பிறகு அணியுங்கள். ஆல்கஹால் பட்டால் முத்தின் பளபளப்பு மங்கும்.

போலியா என்ற சந்தேகத்துக்கு, பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் புட்டியின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திரவம் தேன் நிறத்திலிருந்து கருமைக்கு மாறியிருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வனிலின் இருக்கும் சென்ட் நாளாக ஆக இயல்பாகவே கறுக்கும், பூவின் சாறும் சேர்ந்திருந்தால் இன்னும் விரைவாக. பாரிஸிலிருந்து வந்த புட்டியைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்து ஆண்டு பூட்டி வைப்பது நம் ஊரில் பல வீடுகளின் வழக்கம், அதில் கெடுவது முதலில், அடித்தவுடன் வரும் மேல்மணம்தான். அடித்தவுடன் நெயில் பாலிஷ் நெடியோ புளிப்போ வந்து, அரை மணியில் அது போய்ப் பிசின் சரியாக இருந்தால் இன்னும் பயன்படுத்தலாம். பிசினே புளித்திருந்தால் எறிந்துவிடுங்கள். குளியலறை அலமாரி, ஜன்னலோரம், வெயில் படும் சுவரை ஒட்டிய பீரோ ஆகிய மூன்றையும் தவிர்த்து, பெட்டியோடேயே வீட்டின் உள்ளறையில் வையுங்கள். அடுத்த முறை என்ன வாங்கிவரட்டும் என்று அத்தை கேட்டால், நூறு மில்லி வேண்டாம், முப்பது மில்லி போதும் என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஸ்ப்ரே என்ற கணக்கில் அதுவே ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு வரும்.